நடுவெளியின் அழகு: சீனக் கம்பளமும் பத்தமடைப் பாயும்

ஒரு விரிப்பின் அழகை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அதில் நிறைந்துள்ள உருவங்களைக்கொண்டா, நெசவின் நேர்த்தியைக்கொண்டா? பழைய சீனக் கம்பளி விரிப்பையும் நம் பத்தமடைப் பாயையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு இவ்வினா எழாமலிராது.

சிங் பேரரசுக் காலத்து நிங்சியாக் கம்பளங்கள் குறியீடுகளால் பேசுபவை. சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி ஒன்றே. ஆகவே கம்பளத்தில் வௌவால் வாழ்த்தாக அமைகிறது. பாரசீகக் கம்பளத்தைவிட முடிச்சுகள் குறைவாதலால் உருவங்கள் பெரியனவாகவும் அவற்றைச் சூழ்ந்த தளம் விரிந்ததாகவும் உள்ளன. கோத்தான் நகர முஸ்லிம் நெசவாளரோ மிஹ்ராப் வளைவுகளை வரிசையாக்கி ‘ஸஃப்’ விரிப்புகளை நெய்தனர். தொழுகை அணியே அங்கு ஓவியமாயிற்று.

தாமிரபரணிக் கரையில் லெப்பை முஸ்லிம்கள் வளர்த்த பத்தமடைக் கலை இதற்கு மறுதிசையில் செல்கிறது. கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி அல்லது பட்டுப் பாவில் ஊடாகச் செலுத்துகின்றனர். உயர்ந்த ரகம் 100 முதல் 140 ‘கவுண்ட்’ வரை செல்லும், துணிபோல் மடியும். அவற்றுள் சிறந்தவை, என் மதிப்பீட்டில், வண்ணத்தை ஓரங்களில் நிறுத்தி நடுவெளியைக் கோரையின் இயல்பான நிறத்திலேயே விட்டவை.

இவ்வடக்கத்தின் பொருளை நபிமொழி விளக்குகிறது. வேலைப்பாடு மிக்க கம்பளி ஆடையொன்று தொழுகையில் கவனத்தை ஈர்த்தபோது, அண்ணலார் (ஸல்) அதனை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பி, அவரது வேலைப்பாடற்ற ஆடையைப் பெற்றுவரச் செய்தார்கள். பேரீச்ச ஓலைப் பாயிலும் அவர்கள் தொழுததை அன்னை மைமூனா (ரலி) அறிவித்துள்ளார்கள். இவற்றை அழகின் மறுப்பாகக் கொள்வது பொருந்தாது. அழகு எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதே இவை தரும் பாடம்.

பத்தமடைப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். சுவைஞரின் கண்ணைக் காவாது. மணமக்கள் பெயர் பொறித்த பாயில் கண் எழுத்தில் நின்றுவிடுகிறது, இழையைத் தொடுவதில்லை. உருவத்துக்கு மட்டும் விலை தருபவர், நுண்ணிழை கீறும் விரல்களின் நெடிய உழைப்புக்கு விலை தர மறுக்கிறார். அவ்வுழைப்புக்குக் கூலி இல்லையேல் நுண்ணிழைப் பாய் நெய்வார் இரார். சீனக் கம்பளத்தை அதன் குறியீடறிந்து போற்றுவோம். பத்தமடைப் பாயை விரலால் தடவி, நெருக்கம் அறிந்து, உரிய விலை கொடுத்து வாங்குவோம். அக்கலைக்கு நாம் செலுத்தத்தக்க மதிப்பு அதுவே.