சும்மா ஊர்க்காரங்க

திருமலையில் அண்ணன் வீடு. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது, அண்ணி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் மகன் மடிக்கணினியில் 'ஸ்கைரிம்' விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு டிராகன் ஊருக்குள் இறங்கியது. ஓடி ஒளிய வேண்டிய ஒரு பெண், இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை உருவிக்கொண்டு அதன் மேல் பாய்ந்தாள். அடுத்த நொடி செத்துக் கிடந்தாள்.

"யார்றா அது?"

"யாரும் இல்ல அத்தே. சும்மா ஊர்க்காரங்க."

சொல்லிக்கொண்டே அவள் உடம்பைத் துழாவி இருந்த காசை எடுத்துக்கொண்டு நடந்தான். அண்ணி தலை நிமிரவில்லை. எனக்கு அந்த 'சும்மா' தொண்டையில் நின்றுகொண்டது.

2011இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. ஆடுபவர் நாயகர். மற்றவர்கள் எல்லாம் என்.பி.சி., அதாவது யாரும் ஆட்டுவிக்காத பாத்திரங்கள். அவர்கள் கடை வைக்கிறார்கள், இரும்படிக்கிறார்கள், பானையில் கிண்டுகிறார்கள். டிராகன் வந்தால் சாகிறார்கள். 2012இல் வந்த 'டான்கார்ட்' என்ற தொடர்ச்சியில் இரத்தக்காட்டேரிகளும் இரவில் ஊர் புகுந்து ஆள் தின்றன. கடைத்தெருவே காலியாகிவிடுகிறது என்று ஆடியவர்கள் புலம்பினார்கள். புலம்பலின் காரணத்தையும் பார்க்க வேண்டும்: பொருளை விற்க ஆளில்லை.

இதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சில பாத்திரங்களுக்கு 'எசென்ஷியல்' என்று குறி இட்டிருப்பார்கள். எத்தனை வெட்டினாலும் அவர்கள் சாவதில்லை. முழங்காலிட்டுச் சற்று நேரம் கழித்து எழுந்துவிடுவார்கள். பெரும்பாலும் நாயகரின் கதை நகர அவர்கள் தேவை என்பதே காரணம். குழந்தைகளையும் கொல்ல முடியாது. மற்றவர்களின் உயிருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களில் உங்களிடம் அன்பாக இருந்த சிலர் செத்தால், ஒரு தூதுவன் வந்து அவர்கள் எழுதிவைத்த பணத்தை உங்களிடம் கொடுப்பான், வரி பிடித்துக்கொண்டு. இழவு வீட்டுக்குப் போகவேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு மேற்கத்திய வன்முறை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நான் எழுதுவது திருமலையில் உட்கார்ந்து. குந்தவை பெயரால் வழங்கும் சமணக் கோயில் இந்த மலையில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற கல்வெட்டும் இதே மலைப்பாறையில், அவனது 13ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. வனவாசி, ஈழம், வங்காளம், கங்கை என்று வென்ற நாடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன, விளையாட்டின் வரைபடத்தில் இடங்கள் ஒளிர்வதுபோல. தோற்ற அரசர்களுக்குப் பெயர் உண்டு. மகிபாலனிடமிருந்து கவர்ந்தவற்றின் வரிசையில் யானைகள் வருகின்றன, பிறகு பெண்கள், பிறகு கருவூலம். அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பெயர் இல்லை. முதுகலை வகுப்பில் இந்த மெய்க்கீர்த்தியை நானும் சொல்நயம் பாராட்டித்தான் நடத்தியிருக்கிறேன். யானைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கூட்டம் நடந்து வந்திருக்கிறது என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

அதே கல்வெட்டின் கடைசியில் ஒரு பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. நன்னப்பையன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, கோயிலுக்கு விளக்கெரிக்கவும் அமுதுபடிக்கும் பொருள் கொடுத்தாள். கொடுக்கக் காசு இருந்ததால் கல்லில் ஏறினாள். கவரப்பட்டவர்களிடம் கொடுக்க என்ன இருந்திருக்கும்?

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகாசுரன் கதை எல்லோருக்கும் பிடித்தது. வீடு வீடாகக் கொடுக்கும் சோற்றை வண்டியில் ஏற்றி, பீமன் தின்றுகொண்டே வருவான். சிறுமியாக நானும் சிரித்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். வியாச பாரதத்தின் ஆதிபருவத்தில் அந்தக் கதையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏகசக்கர நகரத்தை வெளிப்பகைவரிடமிருந்து காப்பவனே பகன்தான். கூலியாக ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, அவற்றைக் கொண்டுபோகும் மனிதர். முறைவைத்து வீட்டுக்கு ஒருவர். அரசன் என்று ஒருவன் இருக்கிறான், பயனில்லை.

முறை வந்த அந்தணர் வீட்டில் யார் போவது என்று பேச்சு நடக்கிறது. கணவர் முதலில் செய்வது மனைவியைக் குறைசொல்வது: வேறு ஊர் போகலாம் என்றேன், பிறந்த மண் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். மனைவி தானே போகிறேன் என்கிறாள். பெண்ணைக் கொல்வது பாவம் என்று அரக்கன் விட்டாலும் விடலாம் என்று கணக்குப் போடுகிறாள். கணவன் இல்லாத வீட்டில் மகளைக் காப்பது எப்படி என்றும் பயப்படுகிறாள். அரக்கனைவிட ஊர்க்காரர்களிடம் அவளுக்கு அச்சம் அதிகம். மகளும் போகிறேன் என்கிறாள். வாய் திருந்தாத சின்னப் பையன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, இதனால் அரக்கனைக் கொல்வேன் என்கிறான். இதுதான் பாரதத்தில் எனக்குப் பிடித்த குடும்பம். குந்தி காதில் விழுந்ததால் தப்பித்தார்கள். அதற்கு முன் முறை வந்த வீடுகளைக் கதை எண்ணவில்லை.

குந்தியின் இரக்கத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஏகசக்கரத்துக்கு வருமுன் அரக்கு மாளிகை எரிந்தது. அன்று விருந்துண்டு, குடித்து, அங்கேயே உறங்கிப்போன ஒரு நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் உள்ளே வெந்தார்கள். அந்த ஆறு உடல்களைக் கண்டுதான் குந்தியும் பாண்டவரும் செத்தார்கள் என்று உலகம் நம்பியது. ஒரு தாய்க்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் பதிலாக ஒரு தாயும் ஐந்து பிள்ளைகளும். குறி இடப்பட்ட அறுவர் சுரங்கம் வழியாகப் போய்விட்டார்கள். நிஷாதத் தாய்க்குப் பெயரே கிடையாது. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி, முதுமையில் காட்டில் இருக்கும் குந்தியின் முன் ஒரு நிஷாதப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திக் கதை எழுதினார். மாணவிகள் தேடிப் படிக்க வேண்டிய கதை.

விளையாட்டுகளிலும் வேறு வழி இல்லாமல் இல்லை. 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வில் நாயகி கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய். அவள் இட்லி வேகவைக்கிறாள், மகனிடமிருந்து மொழி நழுவுவதைப் பார்க்கிறாள். யாரையும் வெட்டுவதில்லை. நல்ல முயற்சி. ஆனாலும் ஊர்க்காரப் பெண் மையத்துக்கு வர வேண்டுமென்றால் சமையலறை வழியாகத்தான் வர வேண்டுமா என்ற சிறு எரிச்சல் எனக்கு உண்டு.

ஸ்கைரிமை ஆடிய ஒருவர், டிராகன் வந்தால் மக்கள் வீட்டுக்குள் ஓடிவிடும்படி ஒரு சேர்ப்பை எழுதியிருக்கிறார். பெயர் 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்'. ஓடும் அறிவைக்கூட வெளியிலிருந்து ஒருவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகனிடம் அதைச் சொன்னேன். மறுநாளே சேர்த்துவிட்டான். டிராகன் இறங்கியது. எல்லோரும் ஓடினார்கள். தெரு வெறிச்சென்று ஆனது.

"போர் அடிக்குது அத்தே" என்றான்.

தார்க்கட்டையோடு வந்து நின்ற அண்ணி முதல்முறையாகத் திரையைப் பார்த்தார். "உள்ள போனவங்க என்னாடா பண்றாங்க?"

அவன் ஒரு வீட்டுக் கதவருகே போய்ப் பார்த்தான்.

"பூட்டியிருக்கும்மா."