அகல டயரும் டிராம் தண்டவாளமும்

லெனின் சரணியில் எஸ்பிளனேடை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் 35 கூட இருக்காது. ஸ்டியரிங் கையில் லேசாக உதறியது. வண்டி தானாக அரையடி வலப்பக்கம் நகர, பக்கத்தில் வந்த மஞ்சள் டாக்சிக்காரர் திரும்பி முறைத்தார். நான் திருப்பவில்லை. சாலையில் புதைந்திருந்த டிராம் தண்டவாளம் திருப்பியது. 17 இன்ச் வீலும் 205 டயரும் மாட்டி அன்றைக்கு மூன்றாவது நாள்.

சாலையில் உள்ள பள்ளக்கோட்டைப் பிடித்துக்கொண்டு டயர் தன்போக்கில் இழுப்பதை கார் பைத்தியங்கள் 'டிராம்லைனிங்' என்பார்கள். சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய டிராம் 1953இல் நின்றுவிட்டது. அங்கே இருக்கும் நண்பர்களுக்கு அது வெறும் சொல். கொல்கத்தாவில் 1873இல் குதிரை இழுத்த டிராம், 1902இல் மின்சாரத்துக்கு மாறி இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. எஸ்பிளனேட்–மைதான் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. டிராம் குறைந்தாலும் தண்டவாளம் பல தெருக்களில் அப்படியே கிடக்கிறது. சில இடங்களில் தார் ஊற்றி மூடியிருக்கிறார்கள். அந்தத் தார் பெயர்ந்த இடம் இன்னும் மோசம்.

என் வண்டி 2014 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவும் திறந்த கூரையும் வேண்டும் என்பவர்கள் சிரிக்கலாம். சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் நம் ஊரில் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 7 கியர் டிஎஸ்ஜி. நூறைத் தொட 9.7 விநாடி என்று கம்பெனியே சொன்னது. 2022இல் போலோவை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். அதனால் கையில் இருப்பதை யாரும் விடுவதாயில்லை, சீவிச் சிங்காரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இன்ஜினுக்குக் கொடுத்த டயர் 185/60 ஆர்15. மழை ஈரத்தில் பரமா ஐலண்ட் சிக்னலிலிருந்து கொஞ்சம் ஆசையாக மிதித்தால் முன்சக்கரம் இரண்டும் வழுக்கிச் சுழலும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண்ணடிக்கும். டயரை அகலமாக்கினால் தீரும் என்று நினைத்தேன். பாதி சரி, பாதி தப்பு.

முதலில் கணக்கு. 185/60 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ. பக்கச்சுவர், அதாவது சைடுவால், அந்த அகலத்தில் 60 சதவீதம், 111 மி.மீ. ரிம் 15 இன்ச். ரிம்மோடு மேலும் கீழுமாக இரண்டு சைடுவாலையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 603 மி.மீ. புது டயரின் விட்டம் இதிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது கைக்கணக்கு. விலகினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் விகிதமும் கெடும். நான் வாங்கிய 205/45 ஆர்17இன் விட்டம் 616 மி.மீ., இரண்டு சதவீதம்தான் கூடுதல். கணக்கில் பாஸ். ஆனால் சைடுவால் 92 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பர் மெத்தையில் கிட்டத்தட்ட 19 மி.மீ. காணாமல் போனது. இந்த ஊரில் அந்த 19 மி.மீ. எவ்வளவு பெரிய சொத்து என்று பிறகுதான் தெரிந்தது.

மல்லிக் பஜார் பக்கம் போனால் பழைய ஸ்பேர் பார்ட்ஸ், புது ஸ்பேர் பார்ட்ஸ், எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் கிடைக்கும். ரிம் வாங்கியது வேறொரு கடையில். 17 இன்ச், ஏழரை இன்ச் அகலம், பளபளக்கும் கறுப்பு. ஆஃப்செட் எவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "தாதா, கிச்சு ஹோபே நா." ஒன்றும் ஆகாது என்று பொருள். வங்காளத்தில் டாக்டர் முதல் டயர்க்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லும் ஆறுதல் இது.

ஆனது. ஆஃப்செட் என்பது, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு. 6 இன்ச் ரிம்முக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 40இல் 7 இன்ச் ரிம் போட்டால் உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட்டை 35 ஆக்கினால் வெளிப்பக்கம் 17.7 நீட்டும். எனக்குக் கொடுத்தது அதைவிட அகலமான ரிம். நான் தனியாக ஓட்டும்போது தெரியவில்லை. லேக் மார்க்கெட்டுக்கு மாமியார், மைத்துனி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்பக்கம் 'சர்ர்க்' என்றது. டயர் மட்கார்டின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. வாழையிலைக் கட்டின் சத்தம் என்று சமாளித்தேன்.

போல்ட் விஷயம் இன்னும் முக்கியம். இதைக் கடைக்காரர்கள் பலர் சொல்வதில்லை. போலோவில் நட்டு கிடையாது, போல்ட் நேராக ஹப்பில் ஏறும். கம்பெனி போல்ட்டின் அமரும் பகுதி உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவக் குழிதான் இருக்கும். உருண்டை போல்ட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் முழுசாக உட்காராது, ஒரு வட்டக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓட ஓட இளகும். கூம்பு போல்ட் ஒரு செட் தனியாக வாங்கி, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்கச் சொன்னேன். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று அடித்து முடித்துவிடுவதே அங்கே வழக்கம். ஸ்பேர் வீல் கம்பெனி கொடுத்த பழைய ரிம்தானே, அதற்குப் பழைய உருண்டை போல்ட் வேண்டும். ஐந்தை ஒரு துணிப்பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். டன்குனி தாண்டி ஒரு இரவு பஞ்சர் ஆகி, அந்தப் பை வீட்டில் இருந்ததால் நான் பட்ட பாட்டைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நடு ஓட்டையும் பார்க்க வேண்டும். போலோ ஹப்பின் விட்டம் 57.1 மி.மீ. வெளி ரிம்கள் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு வருகின்றன. இடைவெளிக்கு ஒரு வளையம் போடாவிட்டால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 90இல் ஸ்டியரிங் நடுங்கும். வளையத்தின் விலை சில நூறு ரூபாய். நான் போன கடையில் அதை மறந்துவிட்டார்கள்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். வித்யாசாகர் சேதுவில் ஏறி இறங்கும் வளைவுச் சரிவுகள் இருக்கின்றனவே, காய்ந்த ரோட்டில் அங்கே இந்த டயர் தனிச் சுகம். பழைய டயரில் வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் ஒரு கணம் யோசிக்கும், சைடுவால் மடங்கி நிமிர்ந்த பிறகே திரும்பும். 17 இன்ச்சில் அந்த யோசனை இல்லை. கை நினைத்ததும் மூக்கு திரும்பியது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மறுபடியும் ஹவுரா பக்கம் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன், டோல் கட்டி.

அகல டயர் என்றால் ரோட்டைத் தொடும் பரப்பு கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். காற்றழுத்தமும் வண்டியின் எடையும் மாறாவிட்டால் பரப்பு ஏறக்குறைய அதேதான். அதே கரண்டி மாவை வட்டத் தோசையாகவும் ஊற்றலாம், குறுக்கே இழுத்தும் விடலாம். அகல டயரில் தொடும் இடம் குறுக்கே நீண்டு, முன்பின்னாகச் சுருங்குகிறது. வளைவில் பிடிப்பு கூடியதற்கு அதுவும், மடங்காத சைடுவாலும், புது ரப்பரின் தரமும் சேர்ந்து காரணம்.

இந்தக் குறுக்கு நீளம்தான் தண்டவாளத்தில் வினையாகிறது. கொல்கத்தா டிராம் தண்டவாளத்தின் இடைவெளி 1435 மி.மீ. போலோவின் முன்சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு ஏறக்குறைய 1460. டிராம் தடத்தில் நேராகப் போனால் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் இரும்பின் மேல் உட்கார்ந்துவிடும். 185 டயரின் மெத்தென்ற சைடுவால் அந்த இழுப்பை விழுங்கிவிடும். 205இன் விறைத்த சைடுவால் அதை அப்படியே ஸ்டியரிங்குக்குக் கடத்துகிறது. அலைன்மென்ட் பார்த்தேன், காற்றைக் கூட்டிக் குறைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மழை பெய்தால் இன்னொரு ஆபத்து. நனைந்த இரும்பின் மேல் பிரேக் பிடித்தால் எந்த அகல டயருக்கும் பிடிமானம் இல்லை. தண்டவாளத்தைக் கூடியவரை நேர்க்குறுக்காகக் கடப்பது, அதன் மேல் பிரேக் பிடிக்காமலிருப்பது: கொல்கத்தாவில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது பால பாடம்.

அன்று லெனின் சரணியில் என் பக்கத்தில் வந்த மஞ்சள் அம்பாசடர் டாக்சி இதையெல்லாம் சட்டையே செய்யவில்லை. அதன் டயர் 5.90-15, அதாவது சுமார் 150 மி.மீ. அகலம். அம்பாசடர் பிறந்த உத்தர்பாரா ஆலை 2014இல் நின்றது. ஹூக்ளிக் கரையில் அதற்கு மேலே சாஹாகஞ்சில் 1936இல் டயர் செய்யத் தொடங்கிய டன்லப் ஆலையும் மூடிக் கிடக்கிறது. இந்த ரோட்டுக்கு என்ன டயர் வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்த இரண்டு வாசலுக்குள்தான் இருந்திருக்கிறார்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 இரவு ஊரையே மூழ்கடித்த மழையில் 250 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட தண்ணீரில் டயர் அளவுக்கு வேலையில்லை, வண்டியை எடுக்காமலிருப்பதே நல்லது. அகல டயரின் பயம் வேறு இடத்தில். துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயில் மழை விட்ட பிறகு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், வண்டி 90இல் போகும். டயர் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன் மேல் ஏறி மிதக்கும் வேகத்துக்கு நாசா 1960களில் காற்றழுத்தத்தை வைத்து ஒரு சூத்திரம் சொன்னது. 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்குச் சுமார் 94 கி.மீ. அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் அதற்கும் முன்பே மிதக்கத் தொடங்கலாம். ஒரு முறை ஸ்டியரிங் பஞ்சு போலானது. அன்று முதல் மழையில் 70.

முடிவு ஈ.எம். பைபாஸில் வந்தது. மழைத் தண்ணீர் நிறைந்த பள்ளம், ஆழம் தெரியவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலை டயரின் பக்கத்தில் கோழிமுட்டை அளவுக்குப் புடைப்பு. ரிம்மின் உள்விளிம்பு வளைந்திருந்தது. 92 மி.மீ. ரப்பர் அந்த அடியை வாங்கப் போதவில்லை.

பழைய 15 இன்ச் ரிம்மையே எடுத்தேன். அதில் 195/60 ஆர்15 அளவில் மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி போட்டேன். அகலம் 10 மி.மீ. கூடுதல். சைடுவால் 117 மி.மீ., கம்பெனி கொடுத்ததைவிட 6 மி.மீ. அதிகம். வண்டியும் அந்த 6 மி.மீ. உயர்ந்தது. விட்டம் 615, இரண்டு சதவீத வித்தியாசம். லோட் இண்டெக்ஸ் 88, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். பழைய அளவுக்கு 84, அதாவது 500 கிலோ. இந்த எண்ணில் மட்டும் கீழே இறங்கிவிடாதீர்கள். சிக்னலில் சக்கரம் சுழல்வது பெருமளவு நின்றது. அகலத்தைவிட நல்ல ரப்பர் செய்த வேலை அது. சேது வளைவில் 17 இன்ச் தந்த கூர்மை இல்லை, பத்தில் ஏழு உண்டு. தண்டவாளத்தில் கை உதறவில்லை.

16 இன்ச் ஆசை விடாதவர்களுக்கு 195/55 ஆர்16 சரியான எல்லை. 2017இல் கம்பெனியே இந்த வண்டிக்குக் கொடுத்த அளவு அது, சட்டச் சிக்கலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கண்ணில்தான் முதலில் படும்.

17 இன்ச் செட்டுக்கு எண்பதாயிரம் ஆனது. 15 இன்ச் டயர் நான்கும் முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. ரிம் நான்கும் என் வராந்தாவில் இருக்கின்றன. மூன்று புதுசு போல, ஒன்று தட்டி நிமிர்த்தியது. டிராம் இல்லாத ஊர்க்காரர் யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தருகிறேன், போல்ட்டும் வளையமும் சேர்த்து.