அழித்த படம்

வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போய் வரையச் சொன்னார் வாத்தியார். நான் அப்போ மூணாம் வகுப்பு. மார்த்தாண்டவர்மா காலத்தில் டிலனாய் திருத்திக் கட்டியது என்றார். கல் சுமந்தவனைப் பற்றிப் பேச்சில்லை. கோட்டைக்கு வெளியே எங்கப்பனைப் பறையோடு போட்டேன். "எலேய், இதெல்லாமா படம்?" என்று ரப்பரால் அழித்தார்.

அப்பன் தோலைத் தீயில் காய்ச்சி, தட்டி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி காய்ச்சுவார். பக்கத்தில் குந்தியிருந்து நான் கற்ற அந்த நுட்பத்துக்குப் பாடத்திட்டத்தில் பேர் கிடையாது.

2012இல் தமிழக அரசு பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை அமர்த்தியது, 6 முதல் 8 வகுப்புக்கு மட்டும். (அஞ்சு வயசுக் கைக்கு வர்ணம் வேண்டாமாக்கும்!) 2022இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா வந்தது. வரட்டும். ரப்பரை எடுக்கும் முன்னால் பிள்ளையிடம் ஒண்ணு கேட்கணும்: "இது யாரு மக்கா, என்ன அடி அடிக்கிறாரு?"