பில்லிங் மெஷினும் இடுப்புப் பிரிண்டரும்

லைன் வண்டியில் சரக்கு போடுகிறவருக்குக் கையில் ஓர் ஆண்ட்ராய்டு பில்லிங் மெஷின், இடுப்பில் ஒரு ப்ளூடூத் பிரிண்டர் இருந்தால் போதும். கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் ஏஜென்சியிலேயே இருக்கலாம். நாசரேத், மூக்குப்பீறி, மெஞ்ஞானபுரம் என்று போகும் ஒரு மளிகை வண்டியோடு போய், 58 மில்லிமீட்டர் தாள் ஓடும் சாதாரண தெர்மல் பிரிண்டரைப் பயன்படுத்திப் பார்த்தேன். வாங்கலாம். ஆனால் ‘சட்டென்று பேர் (pair) ஆகும்’ என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

பேர் செய்வது எளிதுதான். தாள் நகர்த்தும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் சோதனைச் சீட்டு வரும். ப்ளூடூத் பெயர் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பின் எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234. மெஷின் செட்டிங்கில் பிரிண்டர் தெரிந்தும் பில்லிங் ஆப்பில் தெரியாவிட்டால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதி தனியாக வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் லொகேஷன் அனுமதி கேட்கும்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். பேர் ஆவது என்பது இரு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வது, அவ்வளவே. பில் அடிக்கும்போது ஆப் தனியாக ஓர் இணைப்பைத் திறக்கிறது. இந்த வகைப் பிரிண்டர் ஒரு நேரத்தில் ஒரு மெஷினோடுதான் பேசும். ஏஜென்சியின் இன்னொரு மெஷின் அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், உங்கள் மெஷினில் எத்தனை முறை அன்பேர் செய்தும் பயனில்லை. அந்த மெஷினில் ஆப்பை மூடினால் சரியாகிவிடும். பில் முடிந்ததும் இணைப்பை விட்டுவிடுகிற ஆப்பே நல்ல ஆப்.

என்னை உறுத்தியது தமிழ். முதலில் அடித்த பில்லில் சரக்குப் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் சீன எழுத்துகள். “தம்பி, இதுல தொவரம்பருப்பு எங்க கெடக்கு?” என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். அவர் கேட்டது நியாயம். வாரக் கடனுக்குச் சரக்கு எடுக்கிறவருக்கு அந்தச் சீட்டுதான் கணக்கு. இந்த மலிவான பிரிண்டர்களுக்குள் ஆங்கில, சீன எழுத்துருக்கள் இருக்கின்றன, தமிழ் இல்லை. யூனிகோடு தமிழை நேராக அனுப்பினால் அதைச் சீனமென்று எடுத்துக்கொள்கின்றன. ஆப் தமிழ் வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். தாளின் குறுக்கே 384 புள்ளிகள், ஒரு மில்லிமீட்டருக்கு 8. பத்து சென்டிமீட்டர் பில்லைப் படமாக்கினால் சுமார் 38,000 பைட் ஆகிறது; அதையே ஆங்கில எழுத்தாக அனுப்பினால் சில நூறு பைட்தான். அதனால் தமிழ்ப் பில் சில நொடி தாமதமாக வரும், பேட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும். மொத்தப் படத்தையும் ஒரே மூச்சில் அனுப்புகிற ஆப் பாதியில் திணறுகிறது. துண்டு துண்டாக அனுப்பும் ஆப்பில் தடங்கல் இல்லை. அந்தச் சில நொடிகளைக் கொடுக்கலாம். வாங்குகிறவருக்குப் படிக்க வராத பில்லை நீட்டுவது தவறு.

தெர்மல் தாளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுதான். வெயில் விழும் டேஷ்போர்டில் ரோலை வைத்தால் தாள் கெடும். பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்த பில்லும் மங்கும். கடன் பில்லைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வதே பத்திரம். ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் பறக்கும் இந்தப் பக்கத்தில் பிரிண்டர் மூடி திறந்தே கிடந்தால் அச்சடிக்கும் ஹெட்டில் புழுதி படிந்து, எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழும். ஹெட் ஆறிய பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது.

பணம் கொடுக்குமுன் உங்கள் மெஷினையே கடைக்குக் கொண்டுபோய், உங்கள் ஆப்பிலிருந்து ‘கொத்தமல்லி’, ‘வெள்ளைப்பூண்டு’ என்று அடிக்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் விழாவிட்டால் அந்தப் பிரிண்டரை மேஜையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.