கண்திறவா மண்ணுரு: நித்தியேந்திரனின் சுடுமண் சிற்பங்கள்

மண்ணுருவை வணங்குவதும் அதைப் 'பொம்மை' என்று ஒதுக்குவதும் நம்மிடையே அருகருகே நிலவுகின்றன. புந்தோங்கில் கோயிற் சுதையுருவைக் கைகூப்பித் தொழும் நாம், அதே பிதுங்கிய விழியும் கோரைப்பல்லும் கலைக்கூடத்தில் எதிர்ப்பட்டால் முகஞ்சுளிக்கிறோம். ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் சிற்பங்கள் இம்முரணைத்தான் தொடுகின்றன.

இவர் 1988இல் கொழும்பில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஆஸ்திரேலியா சேர்ந்தவர். ஓவியம் பயின்று, பின்னரே மண்ணுக்கு வந்தவர். 2015இல் சிட்னி மாயர் நிதியத்தின் மட்பாண்டக்கலை விருதைப் பெற்றார். 2016இல் கான்பராவின் தேசியக் கலைக்கூடத்தில் 'மட் மென்' என்னும் இவரது காட்சி நடைபெற்றது. பல தலை, பல கை, ஆணும் பெண்ணும் கலந்த உடல், கேலிச்சித்திர இளிப்பு, இணையவெளியின் முகக்குறி ஆகியவை ஒரே உருவில் நெருக்கியடித்து நிற்கின்றன. தோட்டத்தில் பால்மங்கைத் துடைத்து வைத்த தலைமுறைக்கு மெருகிட்ட மண் புதிதன்று. ஆனால் மங்கில் அடங்கிக் கிடந்த மெருகு, இங்கே வழிந்தோடி உருவின் விளிம்பையே கரைத்துவிடுகிறது.

இவற்றைத் தெய்வ நிந்தனை என்பார் உளர். முன்னெப்போதுமில்லாப் புதுமை என்பாரும் உளர். இரண்டும் நமக்கு உடன்பாடன்று. வெகுசனப் பண்பாட்டைத் தமிழ்மண் என்றுமே விலக்கியதில்லை. கொலுப்படியில் காந்தியும் கிரிக்கெட் ஆட்டக்காரரும் அமர்ந்துள்ளனர். அய்யனார் கோயிற் காவலுருக்கள் சிப்பாய் உடை தரித்துள்ளன. ஆகவே, கடன்வாங்கல் புதுமையாகாது. நிந்தனை என்னும் வாதத்திற்கோ வேளார் மரபே விடை தருகிறது. சூளையிலிருந்து இறங்கிய உரு, கண்திறப்புச் சடங்கு நிகழும்வரை மண்ணே, அதன்பின்னரே தெய்வம். நித்தியேந்திரனின் உருக்களுக்கு அச்சடங்கு இல்லை.

உண்மையான வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. புரவியெடுப்பில் படைத்த குதிரையை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிறோம். சிதைந்தால் புதியது வரும். கலைக்கூடமோ சிதையவிடாது காக்கிறது. சடங்கும் சிதைவும் அற்ற நிலையில், அச்சமூட்டும் பொறுப்பு முழுவதும் வடிவத்தின்மீதே விழுகிறது. விரற்பதிவு அப்படியே தெரியும் கரடுமுரடான உருக்கள் அப்பொறுப்பைத் தாங்குகின்றன. பொன்மெருகும் பளிச்சிடும் வண்ணமும் மிகுந்தவற்றில் அச்சம் வேடிக்கையாய்த் தேய்ந்துவிடுகிறது. பார்ப்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அய்யனாரின் குதிரைமுன் அவ்வாறு நகர்வது எளிதன்று.