ரசிகன் இருக்கிறான், அட்டவணைதான் இல்லை

கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில், ஜகார்த்தாவில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர். அடுத்த வருஷம் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்த அணியிலும் இருந்தார். இதை எங்கள் செந்துறைப் பக்கம் டீக்கடையில் சொன்னால், "அப்படியா? நம்ம மாவட்டத்துப் பையனா?" என்று கேட்பார்கள். பெருமையும் படுவார்கள். ஆனால் நம் ஊர்களில் ஒரு ஆட்டக்காரனைப் பற்றி நமக்குத் தெரியவருவதே அவன் இந்தியச் சட்டையைப் போட்ட பிறகுதான். அதற்கு முன்னால் பள்ளிக்கு, விடுதிக்கு, கல்லூரிக்கு, பல்கலைக்கழகத்துக்கு என்று அவன் ஆடிய வருஷங்களை யார் பார்த்தார்கள்? பயிற்சியாளர், சக ஆட்டக்காரர்கள், மைதானத்து ஓரம் மேயும் இரண்டு ஆடுகள். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் கல்லூரி அணிக்கு என்று ரசிகர் கூட்டம் ஏன் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் கேள்வி. வழக்கமாக இரண்டு பதில் வரும். ஒன்று, கிரிக்கெட் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. இரண்டாவது, நம்ம பெற்றோருக்குப் படிப்புதான் முக்கியம். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கிரிக்கெட்தான் முழுங்கியது என்றால் கல்லூரி கிரிக்கெட் அணிக்காவது ரசிகர்கள் இருக்கணுமே? அங்கேயும் காலி மைதானம்தான். படிப்புதான் காரணம் என்றால் முதல் நாள் முதல் காட்சிக்கு வகுப்பைக் கட் அடித்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் யார்?

என் பதில் கொஞ்சம் உப்புச்சப்பில்லாதது: நம்மிடம் அட்டவணை இல்லை.

நான் பி.இ. படித்த நான்கு வருஷத்தில் எங்கள் கல்லூரி வாலிபால் அணி ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நல்ல அணி என்று சொல்வார்கள். ஜெயித்த செய்தி நோட்டீஸ் போர்டில் வரும், அதோடு சரி. எங்கே ஆடினார்கள்? வேறு ஏதோ கல்லூரியில், ஒரு புதன்கிழமை காலையில். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் நடக்கும் விதமே அப்படி. பல்கலைக்கழகம் கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரிக்கும். ஒரு கல்லூரி போட்டியை நடத்தும். மற்ற அணிகள் பஸ் பிடித்துப் போகும். தோற்றால் அன்று சாயங்காலமே ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்த வருஷத்துக்கு அத்தோடு முடிந்தது. ஜெயித்தால் அடுத்த கட்டம், அது இன்னும் தூரத்து ஊரில். எல்லாரையும் விட நன்றாக ஆடுகிறவனைப் பல்கலைக்கழக அணிக்கு எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் அவன் போடுவது கல்லூரிச் சட்டை இல்லை. இப்போது பெரிய அளவில் நடக்கும் முதலமைச்சர் கோப்பையும் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறிப்போகும் படிக்கட்டுதான். நல்ல ஏற்பாடு, நிறைய பிள்ளைகளுக்குப் பரிசுப் பணம் போகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த முறை திறமையைச் சலித்தெடுக்கும் சல்லடை. சல்லடைக்கு எதற்கு ரசிகர்?

ரசிகனுக்கு வேண்டியது, அதே அணி அதே எதிரியோடு திரும்பத் திரும்ப மோதுவது. எப்போது, எங்கே என்பது முன்னாலேயே தெரிந்திருக்கணும். போன தடவை தோற்றது இந்தத் தடவையும் நெஞ்சில் இருக்கணும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் நினைவகம் ரசிகன்தான். ஒவ்வொரு வருஷமும் எல்லாத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓடும் நிரலில் அவன் எதைச் சேமிப்பான்?

"லப்பர் பந்து" படத்தை இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் வந்தபோது மாமனார் மருமகன் ஈகோ மோதல் என்றும் சாதி அரசியல் என்றும் நிறையப் பேர் எழுதினார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் கதை எங்கே பற்றிக்கொள்கிறது? ஒரு பார்வையாளன் சொல்லும் ஒரு வார்த்தையில். கெத்து என்ற பேட்ஸ்மேன் எந்த இடத்தில் பலவீனம் என்பதை அன்பு மைதானத்துக்கு வெளியே நின்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறான். அது கெத்துவின் ஆள் காதில் விழுந்துவிடுகிறது. பலமுறை பார்த்தவனுக்குத்தான் அந்தப் பலவீனம் தெரியும். தமிழரசன் பச்சமுத்து எடுத்த படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நம்முடைய விளையாட்டுப் படங்களில் கூட்டம் என்றால் கைதட்டுவதற்கு நிறுத்தி வைத்த துணை நடிகர்கள். இந்தப் படத்தில் கூட்டத்துக்கு அறிவு இருக்கிறது. யார் எந்தப் பந்தை எங்கே அடிப்பான் என்று தெரிந்திருக்கிறது. கெத்து நடந்துவரும்போது ஒலிபெருக்கியில் விஜயகாந்த் படப் பாட்டைப் போட வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்தப் படமே இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த ரசிகர்களுக்குப் பிடிமானம் அணி இல்லை, ஆள். கெத்து எந்தப் பக்கம் ஆடுகிறாரோ அந்தப் பக்கம் சத்தம். அன்புவை அவன் ஊர் ஜாலி பிரண்ட்ஸ் அணியிலேயே சாதியைச் சொல்லி எடுப்பதில்லை. அவன் ஊர் ஊராகப் போய் அடுத்தவன் அணிக்கு ஆடுகிறான். எங்கள் பக்கத்துப் பொங்கல் கபடியும் டென்னிஸ் பால் டோர்னமெண்ட்டும் இப்படித்தான். ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட், ஃப்ளெக்ஸில் பரிசு கொடுத்தவர் படம், நுழைவுக் கட்டணம், வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவந்த நாலு பேர். விடிவதற்குள் ஒரு அணிக்கு ரசிகர்கள் உருவாகிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே பெயரில் வேறு ஆட்கள் இறங்குவார்கள். 'நம்ம டீம்' என்பதில் அந்த 'நம்ம' யார் என்ற கேள்வியைக் கேட்டாலே பாதி ஊர்களில் சண்டை வரும். கல்லூரி அணிக்கு இங்கேதான் ஒரு வாய்ப்பு இருந்தது. தெருவைக் கேட்காமல், சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு 'நம்ம டீம்'. அதை நாம் உருவாக்கவே இல்லை.

தமிழர்களுக்கு இதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு மார்ச் மாதம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டம் 1904இல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. பெயர் கல்லூரி என்றாலும் இரண்டுமே பள்ளிக்கூடங்கள்தான், அங்கே அப்படித்தான் பெயர் வைப்பார்கள். மூன்று நாள் ஆட்டம், பொதுநூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்திய கல்லூரி மைதானத்தில். ஆங்கிலத்தில் 'வடக்கின் போர்' என்ற பொருளில் ஒரு பெயர். தமிழ்ப் பத்திரிகைகள் 'வடக்கின் பெரும் சமர்' என்று எழுதும். சென். பற்றிக்ஸ், யாழ்ப்பாணக் கல்லூரி ஆட்டம் 'பொன் அணிகளின் சமர்'. யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதினால் 'இந்துக்களின் சமர்'. கொழும்பில் ரோயல், சென். தோமஸ் ஆட்டம் 1879இலிருந்து இருக்கிறது, மற்றதெல்லாம் அந்த அச்சில் வார்த்தவை. சின்னப் பசங்க ஆடும் ஆட்டத்துக்கு லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் லீவு போட்டுவிட்டுப் பழைய மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். பாண்ட் வாத்தியம், கொடி, தலையில் தொப்பி. வர முடியாதவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். அறுபது வயதுக்காரர் பதினேழு வயதுப் பையனின் துடுப்பாட்டத்தைத் திட்டுகிறார். பேட்டிங்குக்கும் துடுப்பாட்டம், கிரிக்கெட்டுக்கும் துடுப்பாட்டம், விக்கெட்டுக்கு இலக்கு என்று அவர்கள் தமிழில் ஆட்டத்துக்கு ஒரு சொல்வளம் சேர்ந்திருப்பதும் சும்மா இல்லை. நூறு வருஷமாகத் தமிழில் சண்டை போட்டுப் பேச ஒரு ஆட்டம் இருந்திருக்கிறது.

மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீகில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் சட்டையில் இறங்கினார். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் டிவியில் திடீரென்று முளைத்த ஆள் இல்லை. பள்ளிக்கூட மைதானத்து மர நிழலில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய பையன். கார்த்தி செல்வத்துக்கு நாம் கொடுக்காதது இதைத்தான்.

இனி என் குறைகள். 2024 மார்ச்சில் நடந்தது 117ஆவது ஆட்டம். 1904இலிருந்து வருஷத்துக்கு ஒன்று என்று எண்ணினால் 121 வர வேண்டும். இடையில் நடக்காமல் போன ஆண்டுகள் உண்டு, போர் தின்றவையும் அதில் அடக்கம். நடந்த ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எதை எழுதுகிறார்கள்? மொத்த வெற்றி, தோல்வி, சமநிலை. அதிகபட்ச ஓட்டம். அணித்தலைவர் பட்டியல். விழா மலர்களிலும் செய்திகளிலும் நான் படித்ததில் பெரும்பகுதி இந்த வார்ப்புதான். என்னைப் போன்றவனுக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. ஷெல் விழுந்த வருஷங்களில் ஆட்டம் நடந்தபோது யார் வந்து உட்கார்ந்தார்கள்? 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமமே காலியாகி ஊர் நடந்தே வெளியேறியதே, திரும்பி வந்தவர்கள் மறுபடி அந்த மைதானத்தில் கூடியபோது பக்கத்தில் உட்கார வேண்டியவர்களில் எத்தனை பேர் இல்லை? ஸ்கோர் அட்டையில் பார்வையாளருக்குக் கட்டம் கிடையாது. இந்த ஆட்டத்தை நூறு வருஷம் தூக்கிச் சுமந்தது பார்வையாளர்கள். வரலாற்றில் அவர்கள் 'திரளான ரசிகர்கள்' என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போனார்கள்.

'சமர்' என்ற சொல்லும் எனக்கு இடறுகிறது. அதே சொல்லால்தான் ஆனையிறவையும் எழுதினார்கள். விளையாட்டுக்கு அந்தப் பெயர் கொழும்பு வழக்கத்தைப் பார்த்து வந்தது என்பது தெரிந்ததுதான். இருந்தும், உண்மைப் போரைப் பார்த்த ஊர் அந்தச் சொல்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதை 'மரபு' என்று சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை. அதைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, இது முழுக்க ஆண்பிள்ளைக் கூட்டம். இரண்டும் பையன்கள் பள்ளிக்கூடம். இலங்கை முழுக்க இந்த சீசன் என்றால் லாரியில் ஏறிப் பெண்கள் பள்ளி வாசலில் போய்க் கூச்சல் போடுவது ஒரு சடங்கு. பழைய மாணவர்கள் அதை இனிய நினைவாகச் சொல்வார்கள். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களிடம் அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியிலும் கூத்துக்குக் குறைவில்லை. ஆன்சைட்டில் பாஸ்டனில் இருந்த குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். பனித்தரை, சறுக்குக் காலணி, பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வில்லை. அது போகும் வேகத்துக்கு முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சீசன் அக்டோபரில் தொடங்கி வசந்தம் வரை போகும், இந்த வெள்ளிக்கிழமை நம்ம இடம், அடுத்தது அவங்க இடம் என்று நண்பருக்கு எல்லாம் மனப்பாடம். அந்த ஊரில் நான்கு கல்லூரிகள் மட்டும் ஆடும் 'பீன்பாட்' என்ற போட்டி 1952இலிருந்து இருக்கிறது. பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமை என்பது ஊருக்கே தெரியும். கார்னெல் பல்கலைக்கழக ரசிகர்கள் ஹார்வர்டு அணி வந்தால் பனித்தரையில் மீனை வீசுவார்கள். 1970களில் ஹார்வர்டுக்காரர்கள் கார்னெலின் விவசாயப் படிப்பைக் கிண்டல் செய்யக் கோழியை வீசியதற்குப் பதிலடியாம். அசட்டுத்தனம்தான். ஆனால் ஒரு அசட்டுத்தனம் ஐம்பது வருஷம் கைமாறி வர வேண்டுமென்றால் அந்த இரண்டு அணிகளும் வருஷா வருஷம் சந்தித்தே ஆக வேண்டும்.

நம்மிடம் ரசிகன் இல்லாமல் இல்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேக்குப் போனபோது, தனி ரயிலில் ஏறி அங்கே போய் விசிலடித்துவிட்டு வந்தவர்கள் நம் ஆட்கள்தான். அவர்கள் கையில் தேதி இருந்தது, இடம் இருந்தது, எதிரணி யார் என்பதும் இருந்தது.

அரியலூரிலும் பெரம்பலூரிலும் மைதானம் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. ஏதாவது இரண்டு, ஒரு வாலிபால் வலை, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் அங்கே. தோற்றவர்கள் வெளியே போக வேண்டியதில்லை, அடுத்த பிப்ரவரிக்கு வந்தால் போதும். பரிசு ஒரு பித்தளைக் குடம். செலவு என்று பார்த்தால் டீயும் போண்டாவும், இரண்டு பஸ்ஸுக்கு டீசலும். முதல் வருஷம் ஐம்பது பேர் வருவார்கள், அதில் பாதிப் பேரை உடற்கல்வி ஆசிரியர் வருகைப் பதிவைச் சொல்லி உட்கார வைத்திருப்பார். ஆறாவது வருஷம், வேலைக்குப் போன பையன் ஒருத்தன் ஓசூரிலிருந்து சனிக்கிழமை காலை ரயிலைப் பிடித்து வந்து, இப்போது ஆடுகிறவனைப் பார்த்து "எங்க செட்டுல இந்தப் பந்தை விட்டிருக்க மாட்டோம்" என்று சொல்வான்.