காரைத் தாழ்த்தலாமா? ஒரு விமர்சனம்

தஞ்சாவூர் பொம்மையைச் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால், ஆடி ஆடித் தானே நிமிர்ந்துகொள்ளும். அடிப்புறம் கனமாகவும் மேற்புறம் இலேசாகவும் இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் மிகவும் தாழ்ந்திருக்கிறது. ஈர்ப்பு மையம் தாழத் தாழப் பொருளின் நிலைத்தன்மை கூடும் என்பது பள்ளிப் பாடம்.

இந்தப் பாடத்தை இப்போது கார் அலங்காரக் கடைகளும் நடத்துகின்றன. 2005-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி சுசுகி ஸ்விஃப்ட், 2013-இல் வந்து 2022-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. போன்ற சுறுசுறுப்பான சிறு கார்களை வைத்திருக்கும் இளைஞர்களே இக்கடைகளின் முக்கிய வாடிக்கையாளர்கள். "சுருள்வில்லை மாற்றி வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கிவிடுங்கள், வளைவில் சாயாது, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்பது அவர்களுடைய வாதம். இன்னும் கொஞ்சம் செலவழித்தால், உயரத்தை விருப்பம்போல் மாற்றத்தக்க 'காயில் ஓவர்' கிடைக்கும்.

இந்த வாதத்தில் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது, எவ்வளவு வியாபாரம் இருக்கிறது? காகிதமும் பென்சிலும் இருந்தால் நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பொம்மையும் காரும்

கார் வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் மேலிருந்த சுமையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மாறும் சுமையைக் காண, காரின் நிறை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைப்பட்ட அகலத்தால் வகுக்க வேண்டும்.

ஓட்டுநருடன் சேர்த்துக் காரின் நிறை 950 கிலோகிராம், அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதியளவு, அதாவது 5 மீ/வி² முடுக்கத்தில் கார் திரும்பினால், மாறும் சுமை சுமார் 1740 நியூட்டன். காரை 3 செ.மீ. தாழ்த்தினால் அது 1645 நியூட்டன் ஆகும். குறைந்தது 95 நியூட்டன்; ஏறத்தாழ 10 கிலோகிராம் எடை. விழுக்காட்டில் சொன்னால் ஐந்தரை.

ஆதாயம் உண்மைதான், ஆனால் சிறியது. அதுவும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. இச்சிறு கார்களின் முன்சக்கரங்கள் 'மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்' என்ற அமைப்பில் தொங்குகின்றன. சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்ம், காரை இறக்கியதும் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடுகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள் மையம் இதனால் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்குகிறது. இவ்விரண்டு மையங்களுக்கும் இடையிலுள்ள தூரமே காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம். அது குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது! தாழ்த்திய கார் வளைவில் குறைவாகச் சாய்ந்தால், பெரும்பாலும் அது தாழ்ந்ததால் அன்று. புதிய வில் விறைப்பானது என்பதால்தான்.

ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது விறைப்பை. கடைக்காரர் முதலில் சொல்லும் எண்ணோ தாழ்வு. என் முதல் குறை இதுவே.

தாழ்வுக்குக் கொடுக்கும் விலை

சுருள்வில்லின் நீட்சி அதன்மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். ஒரு மீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்ற எண்ணே விறைப்பு. ஒரு சக்கரத்தின் மேலுள்ள நிறை 220 கிலோகிராம், வில்லின் விறைப்பு மீட்டருக்கு 18,000 நியூட்டன் என்று கொண்டால், காரின் எடையால் மட்டும் வில் 12 செ.மீ. அமிழ்ந்து நிற்கும்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சுருக்கு வழி: 5 என்ற எண்ணை, செ.மீ. கணக்கிலுள்ள இந்த அமிழ்வின் வர்க்கமூலத்தால் வகுத்தால், கார் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் அசையும் என்ற அதிர்வெண் கிடைத்துவிடும். நம் எடுத்துக்காட்டில் அது நொடிக்கு 1.44. ஒன்றிலிருந்து ஒன்றரை வரையிலான அதிர்வெண் உடலுக்கு இதமானது. நாம் மெதுவாக நடக்கும்போது உடல் அசைவதும் ஏறத்தாழ இந்த அளவில்தான். நொடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுகளே மனித உடலை மிகவும் வருத்துகின்றன.

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் மேலும் அமுங்க இடம் வேண்டும். அந்த இடம் தீர்ந்தால், ஸ்ட்ரட்டின் உள்ளிருக்கும் ரப்பர் தடுப்பில் மோதும். ஓட்டுநர் மட்டும் இருக்கையில் இந்த இடம் 8 செ.மீ. என்று கொள்வோம். வில் விழுங்கக்கூடிய ஆற்றல், விறைப்பில் பாதியைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. காரை 3 செ.மீ. தாழ்த்தினால் 8 செ.மீ. 5 ஆகிவிடும். 8-இன் வர்க்கம் 64. 5-இன் வர்க்கம் 25. பழைய அதிர்ச்சியையே தாங்க வேண்டுமானால் விறைப்பு 64/25, அதாவது 2.56 மடங்கு ஆக வேண்டும். அப்போது அதிர்வெண் நொடிக்கு 2.3 ஆகும். அது பந்தயக் காருக்குரிய விறைப்பு. பின்னிருக்கையில் தாத்தா பாட்டியை உட்காரவைத்து ஓட்டும் காருக்குரியது அன்று.

தாழ்த்தும் வில்லை விற்பவரும் அவ்வளவு விறைப்பைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். 25 விழுக்காடு கூடுதல் விறைப்பு என்று வைத்துப் பாருங்கள். வில் விழுங்கும் ஆற்றல் முன்பிருந்ததில் 49 விழுக்காடு, பாதிகூட இல்லை. மேலும் மூவரும் பெட்டிகளுமாக 240 கிலோகிராம் ஏறினால் பழைய வில் 3.3 செ.மீ. அமிழும், புதியது 2.6 செ.மீ. அமிழும். மிஞ்சும் இடம் முறையே 4.7, 2.4 செ.மீ. இப்போது தாங்கும் ஆற்றல் பழையதில் மூன்றில் ஒரு பங்கு!

ரப்பர் தடுப்பில் மோதுவது முதுகுக்கு மட்டும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது முன்பக்க வில் தடுப்பில் உட்கார்ந்தால், அந்தக் கணத்தில் முன்புறத்தின் விறைப்பு பலமடங்காகிவிடும். சக்கரம் மேட்டைத் தொடர்ந்து ஏறி இறங்காமல் துள்ளும். தரையைத் தொடாத டயருக்கு உராய்வு ஏது? பிடிப்பைக் கூட்டுவதற்காக வாங்கிய பொருள், பிடிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைப் பறித்துவிடுகிறது.

நம் ஊர்ச் சாலைகள்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ, கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இந்த எச்சரிக்கைகளுக்கு அவ்வளவு வேலை இல்லை. அங்கே தளம் சீரானது. தாழ்ந்த, விறைப்பான கார் அங்கே வெல்லும். ஆனால் கரடுமுரடான மண்பாதையில் ஓடும் ராலிக் கார்களைக் கவனியுங்கள். அவையும் பந்தயக் கார்களே. எனினும் அவற்றை உயர்த்தி, வில்லுக்கு அதிக இடம் கொடுத்தே கட்டுகிறார்கள். வேகத்துக்கு ஏற்ற உயரம் என்று ஒன்று இல்லை. சாலைக்கு ஏற்ற உயரமே உண்டு.

காவிரிப் படுகையின் சாலைகள் எப்படிப்பட்டவை? பெரும்பாலும் வயல்களுக்கு நடுவே மண் கொட்டி உயர்த்தியவை. அல்லது ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமே சாலையானவை. அடியிலிருக்கும் வண்டல் களிமண் மழையில் ஊறி உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கும். அதனால் சாலை அலை அலையாக நெளிகிறது, ஓரம் அமிழ்கிறது. வாய்க்கால் பாலமும் மதகும் அழுத்தமான அடித்தளத்தில் நிற்பதால் அவ்வளவாக அமிழ்வதில்லை. இதனால் பாலத்தின் இரு முனைகளிலும் ஒரு படி உண்டாகிறது. வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அவற்றின் கிளைகளும் குறுக்கிடும் நாட்டில் இத்தகைய படிகளுக்குப் பஞ்சமில்லை. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய, மறுபாதியில் எதிரே டிராக்டர் வர, ஓரத்துப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்கியே ஆகவேண்டிய நிலையும் வரும்.

வேகத்தடையையும் கணக்கில் சேர்ப்போம். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி, அது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில், அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. ஸ்விஃப்டின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர். நான்கு சக்கரங்களும் மேட்டின்மேல் நிற்கும்போது அவையே ஐந்தரை செ.மீ. உயரத்தில் இருக்கும். எனவே நடுவயிற்றின் இடைவெளியில் குறைவது நாலரை செ.மீ. மட்டுமே. தயாரிப்பாளர் தரும் 16.3 செ.மீ. தரை இடைவெளிக்கு இது ஒரு பொருட்டன்று.

ஆனால் தெருவில் ஒரு விபத்து நடந்த மறுநாள், அளவு பாராமல் எழுப்பிய குறுகலான தடை 12 செ.மீ. உயரம் இருந்தால்? அதன் இருபுறமும் சக்கரங்கள் தரையிலேயே நிற்கும்; 12 செ.மீ. முழுதும் வயிற்றுக்கு நேரே வரும். நால்வர் ஏறிய ஸ்விஃப்டின் இடைவெளி 13 செ.மீ.; மயிரிழையில் தப்பும். தாழ்த்திய காரில் மிஞ்சுவது 10.7 செ.மீ.; புகைபோக்கிக் குழாயோ எஞ்சினின் ஆயில் சம்ப்போ உரசாமல் போகாது. தடையை ஒழுங்காகப் போடாதது சாலை போட்டவரின் குற்றம்தான். ஆனால் உடைவது நம்முடைய ஆயில் சம்ப்.

மூன்று வழிகள்

முதலாவது, பட்டறையில் சுருளை அறுப்பது. செலவில்லாதது; ஆபத்தானதும் இதுவே. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடும் என்பது சரி. ஆனால் பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது குட்டையான வில் தளர்ந்து, தன் இருப்பிடத்தைவிட்டு நழுவக்கூடும். கேஸ் வைத்து அறுத்தால் எஃகின் பதமும் கெடும். இதை எவருக்கும் பரிந்துரைக்க முடியாது.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் தாழ்த்தும் வில். பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வில்லின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. விறைப்பு 25 விழுக்காடு கூடினால், பழைய ஷாக் அப்சார்பரின் அடக்கும் திறன் ஒப்பளவில் பத்தில் ஒரு பங்கு குறையும். புதிய வண்டியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 60,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்ததில் பொறுக்க முடியாது. வில்லோடு ஷாக் அப்சார்பரையும் பொருத்தமாக மாற்றி, தாழ்வை 15 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் இது தாங்கக்கூடிய வழி.

மூன்றாவது காயில் ஓவர். மரையிட்ட ஸ்ட்ரட்டின்மேல் வில்லின் இருக்கையை ஏற்றி இறக்கலாம். "இருக்கையைத் திருகி ஏற்றினால் விறைப்பும் கூடும்" என்று சிலர் விளம்பரப்படுத்துவது ஹூக்கின் விதிக்கே முரண். ஒரே சீரான வில்லின் விறைப்பு, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் தன்மை ஆகியவற்றால் அமைவது. திருகினால் மாறுவது கார் நிற்கும் உயரம் மட்டுமே. காயில் ஓவரிலும் இரு வகை உண்டு. இருக்கையை மட்டும் இறக்கும் வகையில், கார் தாழ்ந்த அளவுக்கு வில்லின் இடமும் பறிபோகும். ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியையே திருகி நீளத்தைக் குறைக்கும் வகையில் அந்த இடம் காப்பாற்றப்படும். வித்தியாசம் இதுதான் என்று கடையில் கேட்டறியாமல் வாங்கக்கூடாது. நல்ல காயில் ஓவர் ஒரு நுட்பமான கருவி. பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்கு அது வேண்டும். சேறும் நாகப்பட்டினத்து உப்புக்காற்றும் மரையில் ஏறும் இடத்தில், அதைத் துடைத்துப் பேண யார் முன்வருவார்கள்?

சட்டமும் தீர்ப்பும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றம் இவ்வரம்பில் வருமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெளிந்த பிறகே காரில் கைவைக்க வேண்டும்.

என் முடிவு இது. படுகை நாட்டில் அன்றாடம் ஓடும் சிறு காருக்குத் தொழிற்சாலை வில்லே தக்கது. வளைவில் இன்னும் உறுதி வேண்டுமென்றால் தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள். நல்ல டயர் போடுங்கள். வீல் அலைன்மென்டைச் சரிபாருங்கள். செலவு குறைவு, பயன் அதிகம்.

அப்படியும் தாழ்த்தத்தான் வேண்டும் என்பவர், கடைக்காரரிடம் நான்கு எண்களைக் கேட்கட்டும்: பழைய வில்லின் விறைப்பு என்ன, புதியதன் விறைப்பு என்ன, தடுப்பில் மோதுமுன் மிஞ்சும் இடம் எத்தனை செ.மீ., நால்வர் ஏறியபின் தரை இடைவெளி எவ்வளவு? நான்கும் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதை மட்டுமே சொல்லத் தெரிந்த கடையில், பணப்பையைத் திறக்காமல் திரும்பி வருவது நல்லது.